கவிழ்த்த கூடையும் கவிழ்க்காத கூடையும்

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. அப்பாயி கல்மழை என்பார். பிள்ளைகளுக்கு அது ஐஸ் மழை. ஆலங்கட்டி மழை என்பது தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களின் சொல். லயத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சங்கப் பாட்டில் ஆலி என்று வந்தால் அது இதுதான் என்று பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் பாடம் நடத்தி வருகிறேன். நடத்தும்போதெல்லாம் என் கண்ணில் தெரிந்தது தட்டில் கொட்டிய கற்கண்டு. கார்காலம், மழை, தலைவன் வரவு என்று பாடம் இனிமையாகவே போய்க்கொண்டிருந்தது. அந்த மாசிச் சனிக்கிழமைக்குப் பிறகு அந்தச் சொல் வருகிற இடத்தில் எனக்குக் குரல் கொஞ்சம் தடுக்குகிறது.

நான் ஹட்டனில் குடியிருக்கிறேன். அம்மா, அப்பாயி, அண்ணன் குடும்பம் எல்லாரும் இன்னும் தோட்டத்தில்தான். லிந்துலையில் பிரிந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் பாதையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு டிவிஷன். சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போய் ஞாயிறு பின்னேரம் திரும்புவது என் வழக்கம்.

மாசி எங்கள் பக்கத்தில் மழைக்குரிய மாதம் அல்ல. விடியற்காலையில் பள்ளங்களில் உறைபனி விழும். நுவரெலியாப் பக்கத்தில் புல் வெள்ளையாகக் கிடக்கும், சில மலைகளில் தேயிலை கருகும். பத்து மணிக்கு மேல் வெயில் கண்ணைக் குத்தும். மழைக்கென்று மலையகத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. மே மாதம் தென்மேல் பருவமழை வந்தால் செப்டெம்பர் வரை நனைய வேண்டியதுதான். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெளுத்து, பின்னேரம் இடிமின்னலோடு கொட்டும். கல்மழை வருவதென்றால் அந்தப் பின்னேர இடிமழையோடுதான் வரும், அதுவும் எப்போதாவது ஒரு நாள், ஐந்து நிமிடம். பெப்ரவரியில், காய்ந்து கிடக்கிற நாளில் அது வந்து அடிக்கும் என்று எண்பத்திரண்டு வயது அப்பாயிகூட எதிர்பார்க்கவில்லை.

ஆனால் வெயிலைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னார். வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது நல்ல வெயில் இல்லை" என்றார். எனக்கு வெயில் வெயிலாகத்தான் தெரிந்தது. ஒரு மணிக்கு ஹோர்டன் சமவெளிப் பக்கத்து மலைமுகட்டுக்கு மேலே மேகம் பூக்கோவா போலக் குவிந்து குவிந்து ஏறியது. இரண்டு மணிக்கு அதன் அடிப்பாகம் கறுத்து, கறுப்புக்குள் ஒரு பச்சை சாயல் ஓடியது. கோழிகள் கூட்டுக்குத் திரும்பிவிட்டன.

இரண்டேமுக்கால் இருக்கும். கூரைத் தகரத்தில் டங்கென்று ஒரு சத்தம். "யாரடா அது கல் எறிவது?" என்று அம்மா மேல் லயத்துப் பையன்களை ஏசிக்கொண்டு வெளியே போனார். இன்னொன்று விழுந்தது. அம்மாவின் காலடியில் விழுந்து துள்ளியதை நானும் பார்த்தேன்: நெல்லிக்காய் அளவு, வெள்ளை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நிற்க, நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அதற்குப் பிறகு சத்தத்தை எண்ண முடியவில்லை.

தகரக் கூரைக்குக் கீழே கல்மழையைக் கேட்காதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் லயத்தில் உட்கூரை கிடையாது. சுவர், கைமரம், தகரம் அவ்வளவுதான். தலைக்கு மேலே ஆயிரம் பேர் தப்படிப்பதுபோல என்றால் அது தவறு. தப்புக்கு ஒரு தாளம் உண்டு. அண்ணன் மகன் என் காதில் வாயை வைத்துக் கத்தியும் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதைவிட நான் மறக்காமல் இருப்பது கரியை. தகரத்தின் உட்புறத்தில் அடுப்புப் புகை படிந்து படிந்து ஒரு தலைமுறைக் கரி ஒட்டிக்கிடந்தது. அடிபட்ட அதிர்ச்சியில் அது மொத்தமும் உதிர்ந்து விழத் தொடங்கியது. அப்பாயி புடைத்து வைத்த அரிசியில், படுக்கையில், சாமிப் படத்தில், எங்கள் தலையில் எல்லாம் கரி. வாசலில் பார்த்தால் வெள்ளை, உள்ளே திரும்பினால் கறுப்பு. அப்பாயி சுளகைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். வாய் அசைவை வைத்துத்தான் அது முருகன் என்று தெரிந்தது.

பிறகு தகரம் பொத்துக்கொண்டது. துருப்பிடித்து இளைத்திருந்த இடங்களைக் கல்லே தேடிப் பிடித்து அடித்த மாதிரி இருந்தது. அடுப்பங்கரையில் ஒன்று, கட்டிலுக்கு நேரே இரண்டு. பின்பக்க வடிகான் முழுவதும் கல்லும் கிழிந்த இலையும் சேர்ந்து அடைத்துக்கொள்ள, மேட்டிலிருந்து வந்த தண்ணீர் போக வழியில்லாமல் கதவிடுக்கால் காம்பராவுக்குள் வந்தது. அந்தத் தண்ணீரில் ஐஸ் மிதந்து வந்து அடுப்புக் கல்லில் முட்டி நின்றது. இருபது நிமிடம். என்னுடைய கைத்தொலைபேசியில் பார்த்தேன், இருபதுக்கு ஒன்றிரண்டு குறைவாகவே இருக்கும்.

நின்றதும் ஒரு அமைதி. அதற்குப் பிறகு பிள்ளைகளின் கூச்சல். ஓடிப்போய்த் தட்டிலும் வாளியிலும் அள்ளினார்கள். யாரோ ஒருத்தி சர்பத் பாணியை ஊற்றிக் கரண்டியால் சாப்பிட்டாள். அண்ணன் மகன் பெரிய கல் ஒன்றைப் பலகையில் வைத்துக் கத்தியால் இரண்டாக வெட்டி என்னிடம் நீட்டினான். வெங்காயத்தை வெட்டினால் தெரிவது போல வளையம் வளையமாக இருந்தது. நடுவில் பால் போல ஒரு பொட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி, பிறகு மறுபடி பால், மறுபடி கண்ணாடி. மேகத்துக்குள் மேலேறும் காற்று துளியைக் கீழே விடாமல் தாங்கிக்கொண்டே இருக்கிறது. கடுங்குளிரில் சட்டென்று உறைந்தால் காற்றுக் குமிழ் சிக்கி வெள்ளையாகிறது. நீர் அதிகமுள்ள இடத்தில் ஆறி உறைந்தால் கண்ணாடியாகிறது. காற்றால் இனிமேல் தாங்க முடியாது என்னும் பாரம் வந்ததும் விழுகிறது. நெல்லிக்காய் அளவுக் கல் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்கும் என்று எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர் பிறகு சொன்னார்.

கொழும்புக்கு ஏன் பெரும்பாலும் வருவதில்லை, எங்களுக்கு ஏன் வருகிறது என்பதற்கும் அவரிடமே விளக்கம் கிடைத்தது. இலங்கைக்கு மேலே நீர் உறையும் குளிர் தொடங்குவது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து கொழும்புக்கு விழுகிற கல் ஐந்து கிலோமீட்டரும் சூடான காற்றில் கரைந்துகொண்டே வந்து மழைத்துளியாகிவிடுகிறது. எங்களுக்கு அந்தத் தூரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் குறைவு. மலை உயரமாக இருப்பதன் பலன்களில் இதுவும் ஒன்று. கொழும்பில் மழையாக விழக்கூடியது எங்கள் தலையில் கல்லாக விழுகிறது.

இன்னொரு செய்தியும் சொன்னார், அது என்னைத் தூங்கவிடவில்லை. கென்யாவின் மேற்கு மலைப்பகுதியில் கெரிச்சோ, நந்தி என்று தேயிலை விளையும் ஊர்கள் உண்டு. உலகத்திலேயே அதிகமாகக் கல்மழை பெய்கிற இடங்களில் அவையும் சேரும். அங்கே ஆராய்ந்த ரஸ்ஸல் ஷ்னெல் என்பவர், தேயிலைச் செடிக்கடியில் மக்கிக் கிடக்கும் சருகின் தூள் மேகத்துக்குள் நீரை உறையவைக்கும் கருவாக வேலை செய்யும் என்று கண்டார். சருகில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியா இருந்தால், மற்றபடி இன்னும் உறையாமல் இருக்கக்கூடிய துளிகள்கூடப் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகையிலேயே உறைந்துவிடுமாம். கொழுந்து எடுக்கிறவர்கள் நடந்து நடந்து கிளப்புகிற தூள் காற்றோடு மேலே போகிறது. அது கென்யாவின் கதை. எங்கள் மலைக்கு அதை அப்படியே ஒட்டவைக்க நான் வரவில்லை. ஆனால் கேட்டதிலிருந்து, மலையில் காய்ந்த சருகு காலில் நொறுங்கும்போது ஒரு கணம் மேலே பார்த்துக்கொள்கிறேன்.

அன்று பிள்ளைகள் எடுத்த காணொளி இரவுக்குள் எங்கெங்கோ போய்விட்டது. வெள்ளை முற்றம், பச்சை மலை, கையில் ஐஸோடு சிரிக்கிற பிள்ளைகள். "குட்டி லண்டனில் பனி" என்று நுவரெலியாவின் செல்லப்பெயரை வைத்து யாரோ எழுதிவிட்டார்கள். கொழும்பிலிருந்து என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த ஒருவர் அழைத்து, "வருகிற வாரம் குடும்பத்தோடு வரலாம் என்று இருக்கிறோம், அதுவரைக்கும் ஐஸ் இருக்குமா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். நான் ஞாயிறு காலைக்கே எல்லாம் கரைந்துவிடும் என்று சொன்னேன். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

இனி மதினியின் கதை.

மதினி அன்று ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது பேர் வரை நின்றார்கள். அந்த மலை லயத்திலிருந்து அரை மணி நேர ஏற்றம். மடுவம் என்னும் கொழுந்துக் கொட்டகைகூட ஒதுங்க அருகில் இல்லை. உள்ளதெல்லாம் நிழல்மரங்கள்தான், இடி இடிக்கும்போது அவற்றின் கீழே நிற்கக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதாததற்கு மரத்தில் குளவிக்கூடு. காற்றில் கிளை முறிந்தால் கல்லுக்குத் தப்பியவர்கள் குளவிக்கு அகப்பட வேண்டும். ஆகவே எல்லோரும் செடிகளுக்கு நடுவில் அப்படியே குந்திவிட்டார்கள்.

எங்கள் டிவிஷனில் பாதிப் பேருக்கு நைலோன் பை, வயதான சிலரிடமும் மதினியிடமும் பழைய பிரம்புக் கூடை. பை வைத்திருந்தவர்களுக்கு ஒரு வழியும் இல்லை, கையால் தலையைப் பொத்திக்கொண்டார்கள். கூடைக்காரர்களுக்கு ஒரு வழி இருந்தது. கூடையைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டால் கல் படாது. ஆனால் கூடைக்குள் மத்தியான நிறுவைக்குப் பிறகு எடுத்த கொழுந்து இருந்தது.

ஒன்பது பேர் கவிழ்த்தார்களாம். கொழுந்து காற்றில் பறந்து, கல்லில் மிதிபட்டுக் கானுக்குள் போய்விட்டது. மதினி கவிழ்க்கவில்லை. கூடையை மடியில் அணைத்துக்கொண்டு, குனிந்து, கம்பளியை மடித்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏழு கிலோ இருந்தது" என்றார் அன்று இரவு. வேறு விளக்கம் சொல்லவில்லை. இடது கைப் புறங்கை வீங்கி, மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சவர்க்காரம் போட்டு இழுத்தோம். தோள்பட்டையில் நீலமாக ஒன்பது பத்து இடங்கள். பக்கத்தில் குந்தியிருந்த ஒரு பெண்ணுக்கு நெற்றி பிளந்து மூன்று தையல் போட வேண்டியிருந்தது.

தெரியாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, அதற்கே எத்தனையோ வருடப் போராட்டம். 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. இது நடந்தது அதற்கு அடுத்த மாசியில். மழையில்லாத மாதமென்பதால் கொழுந்தும் குறைவு. மத்தியானம் வரைக்கும் மதினி எடுத்தது 8 கிலோ. மடியில் காப்பாற்றிய ஏழையும் சேர்த்தால் 15. இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் 18 வந்திருக்கும்.

நிறுக்கும்போது ஈரத்துக்குக் கழிப்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து நிறுக்கிறதே, அதற்காக இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று கழிப்பார்கள். அன்று கணக்கப்பிள்ளை மதினியின் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கொழுந்துக்கு நடுவில் கல் கிடந்தது. கையால் முடிந்தளவு பொறுக்கி எறிந்துவிட்டு, மீதிக்கு ஈரக்கழிவு என்று இரண்டு கிலோ போட்டார். துண்டில் 13 என்று எழுதினார். அரைப்பேர். கூடையைக் கவிழ்த்தவர்களுக்கு எட்டு, ஒன்பது என்று விழுந்தது. அவர்களுக்கும் அரைப்பேர். 675 ரூபாய்.

அந்தக் கணக்கப்பிள்ளையை நான் அறிவேன். கெட்டவர் என்று எழுத முடியாது. பிளந்த நெற்றியில் தன் துவாயைக் கட்டிவிட்டவரும் அவர்தான். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அடுத்த மூன்று நாளும் காரியாலயத்துக்கு நடந்து பேசினார். வேலையைத் தோட்டம் நிறுத்தவில்லை, கொழுந்து எடுப்பவர்களே மலையைவிட்டு இறங்கினார்கள், ஆகவே முழுப்பேர் போட இடமில்லை என்பது அவருக்குக் கிடைத்த பதில். இதைக் கேட்டபோது அப்பாயி சிரித்தார். அவருடைய காலத்தில் இப்படியொரு பதிலைக் காரியாலயத்து வாசலில் நின்றுதான் கேட்க வேண்டும், இப்போது உள்ளே கதிரையில் உட்காரவைத்துச் சொல்கிறார்கள் என்றார்.

ஞாயிறு காலையில் மதினியோடு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். பாதித் தூரத்திலேயே அந்த வாசம் வந்துவிட்டது. நான் சிறுமியாக இருக்கும்போது அப்பாவுக்குச் சோறு கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் போவேன். கொழுந்தை அரைக்கிற ரோல் அறையில் ஒரு வாசம் இருக்கும், பச்சையும் இனிப்பும் கலந்து, பச்சை மெல்ல மெல்லத் தேயிலையாக மாறுகிற வாசம். அது மலை முழுவதும் வீசியது. இலை நசுங்கினால் அதன் சாறு காற்றோடு சேர்ந்து சிவக்கும். ஸ்டோரில் இயந்திரம் செய்வதும் அதைத்தான். அந்த இருபது நிமிடத்தில் வானமே ரோல் போட்டு, மலையோடு சேர்த்துக் கொழுந்தைப் புளிக்கவைத்துவிட்டது. பச்சையாக இருக்க வேண்டிய மலை செம்பு நிறத்தில் கிடந்தது. மதினி ஒரு தளிரைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல தேயிலை" என்றார்.

கொழுந்து போனது பெரிய விஷயமில்லை, அது திரும்பி வரும். கிழிந்ததையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டுக் காத்திருந்தால் சில வாரங்களில் செடி மறுபடி தளிர்க்கும். அந்தச் சில வாரங்களுக்கு மலையில் எடுக்க ஒன்றும் இருக்காது, கான் வெட்டவும் புல் வெட்டவும் அனுப்புவார்கள், அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. கவ்வாத்து மலையின் கதை வேறு. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியைக் குட்டையாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டிய புதிதில் இலையே இருக்காது. குச்சிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். மூன்றாம் நம்பர் மலையில் தை மாதம்தான் கவ்வாத்து முடித்திருந்தார்கள். அங்கே கல் நேராகப் பட்டையில் விழுந்திருந்தது. எல்லாக் குச்சியிலும் ஒரே பக்கம், மேற்குப் பக்கம் மட்டும் பட்டை பிளந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. கல்மழை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அந்த மலையில் இன்றைக்கும் பார்க்கலாம். கவ்வாத்து வேலையில் முப்பது வருடம் இருந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு குச்சியாகத் தடவிக்கொண்டே நடந்தார். வெட்டின காயத்துக்கு மருந்து பூசலாம், இத்தனை காயத்துக்கு யார் பூசுவது, இதற்குள் பூஞ்சணம் இறங்கினால் குச்சி உள்ளேயே உளுத்துப்போகும், தெரிய வருவதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார்.

லயத்துக்குத் திரும்பி வந்தால் அப்பாயி கரித்துண்டை வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தார். பன்னிரண்டு காம்பராவிலும் எத்தனை ஓட்டை என்று எண்ணித் தர வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஏணி கிடையாது, ஏறினால் தகரம் தாங்காது. அப்பாயி ஒரு வழி கண்டுபிடித்தார். ஓட்டை வழியாக வெயில் விழுந்து தரையிலும் சுவரிலும் காசு காசாக வெளிச்சம் தெரிகிறதல்லவா, ஒவ்வொரு காசையும் சுற்றிக் கரியால் வட்டம் போட்டு எண்ணிக்கொண்டு வந்தார். எங்கள் காம்பராவில் 37. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து சரிபார்த்தபோது வட்டங்களுக்குள் வெளிச்சம் இல்லை. வெயில் நகர்ந்து, காசுகள் எல்லாம் ஒரு சாண் தள்ளிப் போய்விட்டன. மறுபடி வட்டம் போட்டார். இம்முறை 41. முதலில் இருந்த நாலு எங்கே ஒளிந்திருந்தது என்று அவருக்குப் பெரிய கோபம். மத்தியானத்துக்குள் தரை முழுவதும் கரி வட்டங்கள், யாருக்கும் எது எந்தக் கணக்கு என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை உத்தியோகத்தர் ஒருவர் படிவத்தோடு வந்தார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். கரி வட்டங்களைப் பார்த்துவிட்டு இது என்ன கோலமா என்று கேட்டாராம். படிவத்தில் வீட்டு இலக்கம், வீட்டு உரிமையாளர் பெயர் என்று இருந்திருக்கிறது. லயத்துக்கு இலக்கம் உண்டு, காம்பராவுக்கு இலக்கம் உண்டு, உரிமையாளர் யார்? கூரை தோட்டத்துடையது. தோட்டத்தின் நிலம் அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகை. ஒழுகுவது மட்டும் எங்கள் பேரில். கடைசியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அப்பாயியின் பெயரைக் குடியிருப்பவர் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு போனாராம். தோட்டத்திலிருந்து நாலு தறப்பாள் வந்தது. பன்னிரண்டு காம்பராவுக்கு நாலு. குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள், எங்களுக்கு விழவில்லை. அண்ணன் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தாரோடு ஒட்டினான். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் பாவம், அவர்களுடைய அஸ்பெஸ்டஸ் தகடு ஓட்டையாகவில்லை, முழுதாக உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. தனிவீட்டுக்குப் போக வேண்டும் என்று பத்து வருடமாகப் புலம்பும் அம்மா அந்த ஒரு வாரம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சித்தப்பாவின் மரக்கறித் தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்துக்குக் கீழே, ஆற்றோரமாக, யாருக்கும் வேண்டாத சரிவில் அவர் கோவாவும் லீக்ஸும் கொஞ்சம் கிழங்கும் போட்டிருந்தார். லீக்ஸ் இலை நாராகக் கிழிந்து வெள்ளையடிக்கிற தூரிகைபோல நின்றது. கோவாவில் அம்மைத் தழும்பு. தழும்பு பட்ட கோவா மூன்று நாளில் உள்ளே அழுகிவிடும், அதற்குள் விற்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் வெட்டினால் லொறிக்காரர் சொல்வதுதான் விலை. கிழங்கு மண்ணுக்குள் இருந்ததால் தப்பியது என்று நாங்கள் ஆறுதல் சொன்னோம். இலை இல்லாமல் கிழங்கு எப்படிப் பருக்கும் என்று சித்தப்பா கேட்டார். தோண்டியபோது கோலிக்குண்டு அளவில்தான் இருந்தது.

இதையெல்லாம் இவ்வளவு பிந்தி எழுதுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலைகள் சரிந்தன, நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அதில் மலையகத்தின் பங்கு பெரியது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத எங்களுக்கு அது இன்னொரு மீரியபெத்தை, பல இடங்களில். அதற்குப் பிறகு கல்மழையைப் பற்றிப் பேசினால், போன உயிருக்கு முன்னால் போன கொழுந்தைப் பற்றிப் பேசுகிறாயா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். கேட்டால் கேட்கட்டும். புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள். சரிவுக்கு இடத்தின் பெயர் நிற்கிறது. அந்தச் சனிக்கிழமைக்குப் பெயர் இல்லை. வந்து பார்க்கிறவருக்குக் காட்டுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை, கல் கரைந்துவிட்டது. எங்களிடம் இருந்த ஒரே சான்று பிள்ளைகள் சர்பத் ஊற்றிச் சாப்பிடுகிற காணொளி. தலைவர் அதைத்தான் காரியாலயத்தில் காட்டினார் என்று கேள்விப்பட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தக் கல்மழைக்கு ஆறு வாரம் கழித்து, பங்குனிக் கடைசியில், ஏழாம் நம்பர் மலையில் மறுபடி கொழுந்து எடுக்கத் தொடங்கினார்கள். நான் போன சனிக்கிழமை மதினி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புறங்கையில் வீக்கம் வற்றியிருந்தது, ஆனால் நடுவிரல் முழுதாக மடங்கவில்லை. கிள்ளுவதற்கு அந்த விரல் வேண்டியதில்லை என்றார். கூடையின் அடியில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பழைய அலுமினியத் தாச்சி. பிடி கழன்று, அடுப்பங்கரை மூலையில் கோழிக்குத் தீனி வைக்கக் கிடந்தது.

"தலைக்கு" என்றார் மதினி.

முதல் நாள் மலையில் எல்லோரும் சிரித்தார்களாம். கங்காணி அதைத் தட்டிப் பார்த்து, சமையலும் இங்கேயா என்று கேட்டாராம். அடுத்த வாரம் நெற்றியில் தையல் போட்ட பெண் ஒரு சின்ன அலுமினியச் சட்டி கொண்டு வந்தாள். நான் கடைசியாகக் கேட்டபோது ஆறு பேரிடம் இருந்தது. பை வைத்திருப்பவர்களும் கொண்டு வருகிறார்கள், இடுப்புச் சாக்கில் கட்டிக்கொண்டு. நிறுவைக்கு வரும்போது கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கூடையாக எட்டிப் பார்க்கிறாராம். சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு நிறுக்கச் சொல்கிறார்.